குலுக்காமல் கொடுத்த இடம்

'ரீ-அலாட்மென்ட்' என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். மனை பிரிக்கும்போது சொல்கிறார்கள், ரேஷன் கடையை மாற்றும்போது சொல்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களை இங்கிருந்து அங்கே தூக்கிப் போடும்போது சொல்கிறார்கள். இருப்பதைத் திரும்பவும் பங்கு பிரித்துக் கொடுப்பது என்று அர்த்தம். கேட்பதற்கு நியாயமான வார்த்தை. அதனால்தான் கோபம் ஜாஸ்தியாகிறது. அநியாயமான வார்த்தையாக இருந்தால் அப்போதே சண்டை போட்டிருக்கலாம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நைனா, என் அப்பா, செத்துப்போன வருஷமே பள்ளிக்கூடமும் போயிற்று. எங்களுக்குத் தொழில் பொரி. வீட்டுக்குப் பின்னால் தாழ்வாரத்தில் இரும்புச் சட்டியில் மணலைக் காய்ச்சி நெல்லைக் கொட்டிப் பொரிப்போம். அம்மா கரண்டி போடுவாள், நான் சல்லடை பிடிப்பேன். வருஷம் முழுக்கப் பொரித்தாலும் எங்களுக்கு வருஷம் என்பது கார்த்திகை தீபம்தான். மலை மேல் தீபம் ஏற்றுகிற அந்தத் திருவிழாவுக்கு நெல்பொரி வாங்காமல் எந்த வீட்டுப் பெண்ணும் ஊர் திரும்ப மாட்டாள். அந்தப் பத்து நாளில் விற்காத பொரியை அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். மழைக்காலம் வேறு. ஒரு சாரல் பட்டால் நமுத்துப் போகும். நமுத்த பொரியை மாட்டுக்குத்தான் கொட்ட வேண்டும்.

அதனால் எங்களுக்கு இடம் முக்கியம். தேரடியை ஒட்டிக் கல் மேடை மாதிரி உயரமாக இருக்கும். அங்கே உட்கார்ந்தால் மழை வந்தாலும் மூட்டைக்குக் கீழே தண்ணீர் ஓடாது. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற ஜனம் முதலில் அங்கேதான் கை நீட்டும். அங்கிருந்து வீதியோரமாக வரிசையாகக் கடைகள் போய்க் கடைசியில் சாக்கடையில் முடியும். மேடையில் உட்கார எல்லோருக்கும் ஆசை. சாக்கடைப் பக்கம் உட்கார யாருக்கு ஆசை இருக்கும்?

இதற்கு அந்த வீதியோரத்து ஜனங்கள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. கொடியேற்றத்துக்கு முந்தின சாயங்காலம், தேரடிக்குப் பக்கத்தில் அரச மரத்தடிப் பிள்ளையார் முன்னால் எல்லோரும் கூடுவோம். வாய் குறுகலான ஒரு மண்கலயம் இருக்கும். ஒவ்வொருவரும் அவரவர் தொழிலிலிருந்து ஒரு சாமானை அதில் போட வேண்டும். பூக்கார அக்கா வாழை நாரில் ஒரு முடிச்சு. வளையல்கார பாய் ஒரு சிவப்பு வளையல் துண்டு. எங்கள் அடையாளம், அடுப்பில் பாதி எரிந்த புளியங்கட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு, அதில் அரிவாளால் வெட்டிய மூன்று கோடு. படிக்கத் தெரியாத ஜனத்துக்குச் சீட்டு எதற்கு? அடையாளம் போதும். அப்புறம் கலயத்தைக் குலுக்கிச் சாய்ப்பார்கள். முதலில் எவருடைய சாமான் விழுகிறதோ அவருக்கு மேடை. கடைசியாக விழுந்தவருக்குச் சாக்கடை.

இதில் எனக்கு இன்றைக்கும் பிடித்தது ஒன்று உண்டு. போன வருஷம் சாக்கடையில் உட்கார்ந்தவர்தான் இந்த வருஷம் குலுக்க வேண்டும். வேறு யாரும் கலயத்தைத் தொடக்கூடாது. நஷ்டப்பட்டவன் கையில் கலயம் இருந்தால் யாரும் ஏமாற்றினான் என்று சொல்ல மாட்டார்கள் என்பதற்காக இருக்கலாம். ஒரு திருவிழா முழுக்கச் சாக்கடை நாற்றம் பொறுத்தவருக்கு ஒரு மரியாதை என்றும் இருக்கலாம்.

நான் சின்ன வயசிலிருந்தே பயந்தவள். எதையாவது நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டே இருப்பேன். குலுக்குகிற நாளன்று எனக்குச் சோறு இறங்காது. எங்கள் கட்டை கலயத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால்? கரி ஈரமாகி அடியில் தங்கிவிட்டால்? ஒரு முறை அதை அம்மிக் கல்லில் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாடி பண்ற?"

"சீக்கிரம் வழுக்கிக்கிட்டு வுழட்டும்னு."

"பிள்ளையாருக்கே எண்ணெய் தடவப் பாக்கறியா? போய் வேற கட்டை எடு."

நான் சொல்ல வந்த வருஷத்துக்கு முந்தின வருஷம் எங்கள் கட்டை கடைசியாக விழுந்தது. சாக்கடைப் பக்கம் உட்கார்ந்தோம். தேர் ஓடின அன்றைக்கு மழை. சாக்கடை பொங்கி மூட்டைகளின் அடி வரைக்கும் வந்துவிட்டது. நானும் அம்மாவும் தலையில் சாக்கு போர்த்திக்கொண்டு மூட்டைகளை மாற்றி மாற்றித் தூக்கினோம். பாதிக்கு மேல் நமுத்துப் போயிற்று. அன்றைக்கு அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "அடுத்த வருஷம் குலுக்கறது நானு," என்று மட்டும் சொன்னாள். வருஷம் பூராவும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுப்பு புகைந்தால், நெல் சரியாகப் பொரியாவிட்டால், யாராவது அவளைக் கிண்டல் செய்தால், எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். வேறு எதுவும் அவள் கையில் இல்லை. அந்தக் கலயம் ஒரு சாயங்காலத்துக்கு அவள் கைக்கு வரப்போகிறது.

அறுபதுகளின் ஆரம்பம் அது. கார்த்திகை பிறக்கும் முன்னே வீதியில் தண்டோரா போட்டார்கள். திருவிழாக் கடை இடங்கள் இந்த வருஷம் ரீ-அலாட்மென்ட் செய்யப்படும், கடைக்காரர்கள் வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசுக்கு வர வேண்டும். எந்த ஆபீஸ் என்று நான் எழுதப் போவதில்லை. அன்றைக்கு நாற்காலியில் இருந்தவர்கள் இன்றைக்கு இல்லை.

தண்டோரா போட்டவரை அம்மா நிறுத்திக் கேட்டாள். "இன்னாங்க அது, ரீ-ன்னு ஏதோ சொல்றீங்களே."

"எடத்தயெல்லாம் புதுசா பங்கு பிரிக்கப் போறாங்கம்மா."

"எங்க வெச்சு?"

"ஆபீஸ்ல."

அம்மா யோசித்தாள். பிறகு எல்லோரிடமும் போய்ச் சொன்னாள்: இந்த வருஷம் பிள்ளையார் கோயிலில் இல்லை, ஆபீசில் குலுக்குகிறார்களாம். யாருக்கும் இது விநோதமாகத் தெரியவில்லை. இடம் பிரிக்கிறார்கள் என்றால் குலுக்கத்தானே வேண்டும்? வேறு எப்படிப் பிரிப்பது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. குலுக்காமல் இடம் கொடுக்க முடியும் என்கிற எண்ணமே எங்கள் மண்டையில் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அம்மா தலைக்குக் குளித்தாள். பிள்ளையாரிடமிருந்து எடுத்து வந்திருந்த கலயத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் நாங்கள். பூக்கார அக்கா மடியில் நார் முடிச்சு, பாய் சட்டைப்பையில் வளையல் துண்டு, ஊதலும் பலூனும் விற்கிற கிழவர் வேட்டி மடிப்பில் ஒரு மூங்கில் துண்டு. கல்யாணத்துக்குச் சீர் கொண்டு போகிறவர்கள் மாதிரி வரிசையாகப் போனோம். ஆபீசில் கலயத்தை வைக்க மணையோ பலகையோ கொடுப்பார்களா, வெறுந்தரையில் வைத்தால் தோஷமா என்றெல்லாம் எனக்குக் கவலை. எதற்குக் கவலைப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டேன்.

வராந்தாவில் நெடுநேரம் நின்றோம். ஆபீஸர் வெளியே வந்து கலயத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, பொங்கல் வெக்க வந்தீங்களா?"

உள்ளே இருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். அம்மாவும் மரியாதைக்குச் சிரித்தாள்.

"இல்லீங்க சார். குலுக்கத்தான். போன வருஷம் சாக்கடை எடம் எனக்கு. அதனால இந்த வருஷம் நான்தான் குலுக்கணும். எல்லாரும் கொண்டாந்துட்டாங்க சார், ஆரம்பிச்சுடலாம்."

அவருக்குப் புரியவில்லை. பாய் முன்னால் போய் விளக்கிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த ஆபீஸர் தலையை ஆட்டினார், குழந்தைகள் மண்ணில் வீடு கட்டுவதைப் பார்த்து ஆட்டுகிற மாதிரி.

"அந்த மூடப்பழக்கமெல்லாம் இங்க கிடையாது. இது சர்க்கார் வேலை. எல்லாம் முறைப்படி அலாட் ஆயிடுச்சு."

"எப்ப சார்?"

"நேத்தே."

"யாரு சார் குலுக்குனாங்க?"

அம்மா நிஜமாகத்தான் கேட்டாள். அவள் குரலில் குத்தல் இல்லை. நாம் வருவதற்கு முன்னால் வேறு யாரோ குலுக்கிவிட்டார்கள், அவர் எப்படிக் குலுக்கலாம், போன வருஷம் சாக்கடையில் உட்கார்ந்தது நானல்லவா என்பதுதான் அவள் கேள்வி. அந்த ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. பியூன் கூடச் சிரித்தான். மஞ்சள் பூசின கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா நடுவில் நின்றாள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. அறுபது வயசைத் தாண்டியும் மன்னிக்கவில்லை. எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன்.

தகரத் துண்டுகளில் நம்பர் எழுதிக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். மேடை பூராவும் அதே வீதியில் பெரிய மளிகைக் கடை வைத்திருந்தவரின் மச்சான்களுக்குப் போய்விட்டது. அவர்கள் அன்றைக்கு வரவே இல்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை போலிருக்கிறது. அதற்கடுத்துப் பூக்கார அக்காவுக்கு நல்ல இடம். அதற்கடுத்தது பாய்க்கு. எங்களுக்குச் சாக்கடையையும் தாண்டி, மாட்டு வண்டிகள் அவிழ்த்துப் போடுகிற மூலை. அங்கே மனுஷர் வருவது வண்டி ஏறுவதற்கு மட்டும்தான்.

"சார், அங்க மாடுதான் சார் வரும்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எல்லாருக்கும் நல்ல எடமே குடுக்க முடியுமா? யாராவது ஒருத்தர் அங்க ஒக்காரணும் இல்ல?"

அதைத்தானே நாங்களும் சொல்கிறோம். யாராவது ஒருத்தர் உட்காரத்தான் வேண்டும். அந்த ஒருத்தர் யார் என்று நீ எப்படிச் சொல்வாய்? இந்தக் கேள்வி எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. என் வாழ்க்கையில் எல்லாப் பதிலும் அப்படித்தான், வாசல் தாண்டின பிறகு வரும்.

மத்தியானம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதிர் வீட்டுக்குப் போனேன். அங்கே என்னோடு ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் இருந்தாள். அவள் நிற்காமல் படித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பரிசாகக் கொடுத்த தடிமனான இங்கிலீஷ் அகராதி ஒன்று உண்டு. அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருப்பாள்.

"அலாட்-னா இன்னாடி அர்த்தம்? பாத்துச் சொல்லு."

"வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னா என் முதுகுக்குப் பின்னால ஒளியறவ, இப்ப இங்கிலீஷுக்கே வந்துட்டியா," என்றாள். ஆனாலும் எடுத்தாள். "அலாட்-னா ஒதுக்கறது. பங்கு குடுக்கறது. ரீ-ன்னா மறுபடியும். போதுமா?"

"அது எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்கேர்ந்து வரும், வெள்ளைக்காரன் ஊர்லேர்ந்துதான்."

"அவன் எங்கேர்ந்து எடுத்தான்னு கேக்கறேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். "பிரெஞ்சுக்காரன்கிட்டேர்ந்து எடுத்திருக்கான். முன்னால இருக்கற 'அ'வுக்கு ஒண்ணும் பெரிசா அர்த்தம் இல்ல, 'அதுக்கு'ன்னு சொல்ற மாதிரி. மிச்சம் லாட். லாட்-னா பங்கு."

"லாட்டைப் பாரு."

"நாளைக்குப் பாக்கறேன்டி, எனக்கு நோட்டு திருத்தற வேலை இருக்கு."

"இப்பவே பாரு."

என் குரல் அப்படி இருந்திருக்க வேண்டும். பக்கத்தைப் புரட்டினாள். படித்தாள். நிறுத்தினாள். திரும்பவும் படித்தாள். "பழைய இங்கிலீஷ் வார்த்தையாம் இது. அந்தக் காலத்துல அர்த்தம் என்னன்னா, பங்கு பிரிக்கறதுக்காக, யாருக்கு எதுன்னு முடிவு பண்றதுக்காக, எதுலயாவது போட்டு எடுக்கற சாமான். மரத்துண்டு மாதிரி." தலையைத் தூக்கினாள். "அட, உங்க கலயம்டி இது."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. வயிறு எரிந்தது. முதலில் மரத்துண்டு இருந்திருக்கிறது. அப்புறம் அந்த மரத்துண்டு கொடுக்கிற பங்குக்கே அந்தப் பேர் வந்திருக்கிறது. அப்புறம் எந்தப் பங்குக்கும். அப்புறம் பங்கு கொடுக்கிற வேலைக்கு. கடைசியில் யார் வேண்டுமானாலும் மேஜை முன்னால் உட்கார்ந்து, இன்னாருக்கு இது என்று விரலால் காட்டினால் அதற்கும் அதே பேர். மரத்துண்டை வெளியே எறிந்துவிட்டு, பேரை மட்டும் கழுவித் துடைத்து ஆபீசுக்குள் வைத்துக்கொண்டார்கள். மரத்துண்டு யாருக்கும் மச்சான் இல்லை. மளிகைக் கடைக்காரரைப் பார்த்து அது எழுந்து நிற்காது. அதனால்தான் ஜனங்கள் அதை நம்பினார்கள், வெள்ளைக்காரன் ஊரிலும், எங்கள் தேரடியிலும். அந்த நம்பிக்கையின் பேரைச் சொல்லியே எங்களை மாட்டு மூலைக்குத் தள்ளிவிட்டு, எங்கள் கலயத்தை மூடப்பழக்கம் என்று சிரிக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே அறுபதுகள் முடிவதற்குள் சர்க்காரே பரிசுச் சீட்டு விற்க ஆரம்பித்தது. லாட்டரி. அதே வேரில் முளைத்த வார்த்தை என்று அந்தச் சிநேகிதிதான் சொன்னாள். ஜனங்கள் கைக்காசைப் போட்டு வாங்கினால் குலுக்கல் நல்லதாகிவிடுகிறது. ஏழைகள் தங்களுக்குள் நியாயமாக இருப்பதற்குக் குலுக்கினால் மூடப்பழக்கம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா உமி புடைத்துக்கொண்டிருந்தாள். கலயம் மூலையில் கவிழ்ந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். முறத்தை நிறுத்தாமல் கேட்டாள்.

"வெள்ளைக்காரனும் குலுக்குனானா?"

"ஆமாம்மா. அந்த வார்த்தையே அதுலேர்ந்துதான் வந்திருக்கு."

"இன்னாத்த போட்டு?"

"மரத்துண்டு."

"புளியா?"

"அந்த ஊர்ல புளி ஏதும்மா. வேற ஏதாவது மரமா இருக்கும்."

முறம் நின்றது. அம்மா எழுந்து கலயத்தை நிமிர்த்தி வைத்தாள். "அப்ப அந்த ஆபீஸர் சொன்ன வேலையை அவனே பாதிதான் பண்ணியிருக்கான். மீதிய நாம பண்ணிடலாம். போய் எல்லாரையும் கூப்புடு. தகரத்த எடுத்துக்கிட்டு வரச் சொல்லு, அவங்கவங்க சாமானையும். ஆபீஸ் குடுத்தது எடம். அதுல யாரு எங்க குந்தறதுன்னு பிள்ளையார்கிட்ட பாத்துக்கலாம்."

போலீஸ் வந்தால்? அடுத்த வருஷம் இடமே இல்லை என்று சொல்லிவிட்டால்? அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கெட்ட இடம் கிடைத்தவர்கள் எல்லோரும் ஓடி வருவார்கள். நல்ல இடம் கிடைத்தவன் எதற்கு வருவான்? கெட்ட இடங்களையே கலயத்தில் போட்டுக் குலுக்கினால் கெட்ட இடம்தானே விழும்? இதை அம்மாவிடம் சொன்னேன்.

"கம்னு கெட. போய்க் கூப்புடு."

கொடியேற்றத்துக்கு முந்தின சாயங்காலம் அரச மரத்தடியில் கூடினோம். நான் பயந்த மாதிரியே, வந்தவர்கள் எல்லாம் எங்களைப் போலத் தள்ளி விடப்பட்டவர்கள். ஊதல்காரக் கிழவர், குங்குமம் விற்கிறவர், இன்னும் சிலர். மளிகைக் கடை மச்சான்களை யாரும் எதிர்பார்க்கவில்லை. பூக்கார அக்கா எதிரே நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை.

"வாங்கக்கா," என்றேன்.

"நான் எதுக்கு வரணும்? எனுக்குக் குடுத்தாங்க, வாங்கிக்கினேன். திருடினேனா?"

"திருடலக்கா. ஆனா போன வருஷம் அம்மா சாக்கடையில குந்தினப்ப நீங்க மேடை மேல குந்தினீங்க. அப்ப கலயம் நல்லா இருந்துச்சா?"

"அப்ப பிள்ளையார் குடுத்தாரு, இப்ப ஆபீஸர் குடுத்தாரு. எனுக்குக் குடுக்கறவங்க குடுத்துக்கினே இருக்காங்க. உனுக்கு ஏன் வயித்தெரிச்சல்?" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள்.

என் வாய்க்குள் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அப்போது பாய் வந்தார். கையில் தகரம். மேடைக்கு இரண்டாவதாக இருந்த அந்த நல்ல இடத்தின் நம்பர். அதைக் கலயத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சிவப்பு வளையல் துண்டை எடுத்து உள்ளே போட்டார்.

"பாய், யோசிச்சியா?" என்றாள் அம்மா. "வூட்ல இன்னா சொன்னாங்க?"

"நல்ல எடம் கெடைச்சதுக்குப் பாயசம் வெச்சாங்க. குடிச்சிட்டுத்தான் வந்தேன்." எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "என் வாப்பா காலத்துலேர்ந்து இதுல போட்டு எடுத்த எடம்க்கா. கலயம் என்னைக் கடைசிக்கு அனுப்பிச்சுன்னா அடுத்த வருஷம் குலுக்கற பாத்தியதை எனுக்கு. நாளைக்கு வேற ஆபீஸர் வந்து என்னை மாட்டு மூலைக்குத் தள்ளினா, நான் யாரைப் போய்க் கேக்கறது?"

தகரங்களை எல்லாம் பிள்ளையார் காலடியில் நல்லதிலிருந்து கெட்டது வரை வரிசையாக அடுக்கினார்கள். முதலில் பாய் கொண்டு வந்த தகரம். கடைசியில் எங்கள் மாட்டு மூலை. விழுகிற வரிசையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மா புளியங்கட்டையைப் போட்டாள். கலயத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு குலுக்கினாள். ஒரு வருஷமாக அவள் காத்திருந்த குலுக்கல். உள்ளே கட்டையும் கண்ணாடியும் மூங்கிலும் கலகலத்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதலில் விழுந்தது மூங்கில் துண்டு. ஊதல்காரக் கிழவருக்கு நல்ல இடம். அவர் நம்பாமல் தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொன்றாக விழுந்தது. கடைசிக்கு முந்தினது சிவப்பு வளையல். பாய்க்குச் சாக்கடை. அதற்கப்புறம் கலயத்தில் ஒன்றுதான் மிச்சம். அம்மா கவிழ்த்து ஒரு தட்டு தட்டினாள். எங்கள் கட்டை பொத்தென்று மண்ணில் விழுந்தது.

"இன்னொரு தரம் குலுக்கும்மா," என்றேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"எதுக்கு? நல்லாத்தான் குலுக்கினேன்."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியாக்கா, ஆபீஸர் உனுக்குக் குடுத்ததையே பிள்ளையாரும் குடுத்துட்டாரு. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கினாங்களா?"

அம்மாவும் சிரித்தாள். ஆபீசில் அவளைச் சுற்றி எழுந்த சிரிப்பு வேறு, இது வேறு. அது எனக்கும் தெரிந்தது. ஆனாலும் நான் சிரிக்கவில்லை. ஒரே மூலை. இடத்தில் துளி மாற்றம் இல்லை. அங்கே அவள் தலை குனிந்து தகரத்தை வாங்கினாள், இங்கே தானே கலயத்தைத் தட்டி எடுத்துக்கொண்டாள். இந்த வித்தியாசத்தைச் சோற்றில் போட்டுப் பிசைந்து தின்ன முடியுமா என்று அன்றைக்கு அவளிடம் கத்தினேன்.

திருவிழாவில் நாங்கள் வண்டி மாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம். மாடுகள் மூட்டைக்குள் மூக்கை விட்டன. ஆனால் வண்டி ஏற வருகிற கிராமத்து ஜனங்கள், கோபுரத்துப் பக்கம் நெரிசலில் வாங்க மறந்ததை எங்களிடம் வாங்கினார்கள். பிழைத்தோம். மேடைக்காரர்கள் விற்றதில் கால்வாசி இருக்கும். ஒரு நாள் அந்த ஆபீஸர் சுற்றி வந்தார். நல்ல இடத்தில் ஊதல்காரக் கிழவரைப் பார்த்திருக்கிறார். சாக்கடைப் பக்கம் பாயைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"உனக்கு மேல தானேய்யா குடுத்தோம். இங்க ஏன் ஒக்காந்திருக்க?"

பாய் எழுந்து நின்று சலாம் வைத்தார். "ரீ-அலாட்மென்ட் சார்."

ஆபீஸர் திரும்பி நடந்துவிட்டார். அதைக் கேட்க நான் பக்கத்தில் இருந்தேன் என்பது அந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

அடுத்த வருஷம் வேறு ஆபீஸர். திரும்பவும் தண்டோரா, திரும்பவும் தகரம். இந்த முறை பூக்கார அக்காவைத் தூக்கி எங்கோ கடைசிக்குப் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு எப்படியோ நடுவில் ஒரு நல்ல இடம். சாயங்காலம் அரச மரத்தடியில் கூடினோம். போன வருஷம் சாக்கடையையும் தாண்டிய கடைசி இடம் எங்களுடையது, ஆகவே குலுக்குவது திரும்பவும் அம்மா. எல்லோரும் போட்டு முடித்த பிறகு பூக்கார அக்கா வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. தகரத்தை வைத்தாள். மடியிலிருந்து நார் முடிச்சை எடுத்தாள்.

நான் கலயத்தின் வாயைக் கையால் மூடினேன்.

"போன வருஷம் குடுக்கறவங்க குடுத்துக்கினே இருந்தாங்களே. அவங்ககிட்டயே போங்க."

அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"கடைசி எடத்துல குந்தினது யாரு?"

"நீதான்."

"அப்ப கலயம் யாருது?"

கையை எடுத்துக்கொண்டேன். நார் முடிச்சு உள்ளே போயிற்று. அம்மா குலுக்கினாள், வழக்கம்போல மார்போடு அணைத்து, யார் சாமானுக்கும் தனியாகச் சலுகை காட்டாமல். சாய்த்தாள். முதலில் வந்து விழுந்தது அந்த நார் முடிச்சுதான்.

அன்றைக்கு வரிசையில் முதலில் இருந்த தகரத்தை, எங்களுக்கு ஆபீஸ் கொடுத்திருந்த அந்தத் தகரத்தை, அம்மா தன் கையாலேயே எடுத்து அவளிடம் நீட்டினாள். "நல்லா வியாபாரம் பண்ணு," என்றாள். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அடுத்த வருஷத்துக்கும் புளியங்கட்டையில் மூன்று கோடு வெட்டி வைத்தது நான்தான். அம்மியில் தேய்க்கவில்லை.